திருட்டுப் பணம் தங்கிய பதினேழு நிமிடம்

கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து சிறு தேயிலை விவசாயி ஒருவர், தம் மகனின் பாஸ்புக்கையும் ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வங்கிப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் படிவம் நிரப்பவும் கடிதம் படித்துச் சொல்லவும் ஊர்க்காரர்கள் வருவது நிற்கவில்லை. அந்தப் பாஸ்புக்கின் முதல் நான்கு பக்கங்களில் இருந்தவை எனக்கு நன்கு பழகிய வரவுகள்தாம். மாதம் ஒருமுறை பசுந்தேயிலைக்கான தொகை, இடையில் கல்லூரி உதவித்தொகை, ஐந்நூறும் ஆயிரமுமாக ஏடிஎம்மில் எடுத்தவை. குடும்பத்தில் ஒழுங்காக இயங்கியது அந்த ஒரு கணக்குத்தான் என்பதால் இலைப் பணமும் அதில்தான் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் 1,140 ரூபாய் இருப்புக்குக் கீழே ஒரே வரியில் 4,80,000 ரூபாய் வரவு. அதற்கடுத்து ஒரு லட்சம் வீதம் நான்கு பற்று, பிறகு 79,000 ஒரு பற்று. கடைசி இருப்பு 2,140. பாஸ்புக்கில் நேரம் அச்சாகவில்லை. கிளையில் வாங்கி வந்திருந்த கணக்கறிக்கையில் இருந்தது. வரவுக்கும் கடைசிப் பற்றுக்கும் இடையே பதினேழு நிமிடம்.

“நான் யாரையும் ஏமாத்தலை சார். அக்கவுண்ட்ட கொஞ்ச நாளைக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்” என்றான் மகன். கோயம்புத்தூரில் படிக்கும்போது விடுதியில் பழக்கமான ஒருவர், டிரேடிங் கம்பெனி ஒன்றுக்கு வரிப் பிரச்சினை இருப்பதாகவும், மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும் சொல்லி, ஏடிஎம் கார்டையும், கணக்கோடு இணைந்த சிம்மையும், நெட் பேங்கிங் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டார். அந்த 5,000 வரவேயில்லை. கணக்கில் எஞ்சிய ஆயிரம் ரூபாய்தான் அவன் கண்ட பலன். கணக்கு முடக்கப்பட்டிருப்பதால் அதையும் இப்போது எடுக்க முடியாது.

இணையவழி மோசடி என்றதும் நம் கவனம் ஏமாற்றும் பகுதியிலேயே நின்றுவிடுகிறது. காவல் அதிகாரி உடையில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டியதை, போலிப் பங்குச் சந்தைச் செயலியில் லாபம் காட்டியதை, ஊட்டியில் இல்லாத காட்டேஜுக்கு முன்பணம் வாங்கியதைப் பற்றியே பேசுகிறோம். குற்றவாளியின் பக்கமிருந்து பார்த்தால், பணம் அனுப்பப்பட்ட பிறகுதான் அவனுக்குப் பெரிய சிக்கல் தொடங்குகிறது. வங்கிப் பணத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அது ஒருவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து இன்னொருவர் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். போகும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைப் பதித்துவிட்டே போகும். தன் பெயரில் வாங்கினால் மறுநாளே பிடிபடுவான். ஆகவே அவனுக்கு முதலில் தேவைப்படும் மூலப்பொருள், அடையாளச் சான்றுகள் எல்லாம் சரியாக உள்ள வேறொருவரின் பெயர். இந்தத் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது என்பது என் துணிபு.

இப்படிக் குற்றப் பணத்தைக் கைமாற்றி மறைப்பதைச் செய்தித்தாள்களில் ‘சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்’ என்றும் வேறு சில இடங்களில் ‘பணச்சலவை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டில் பின்னதே பொருளுக்கு நெருக்கமானது. ஏனெனில் பரிமாற்றம் ஒரு பகுதிதான், கறையைப் போக்குவதே நோக்கம். பாடநூல்கள் இதை மூன்று கட்டமாகப் பிரிக்கும்: குற்றத்தில் கிடைத்த பணத்தை நிதி அமைப்புக்குள் நுழைப்பது, பல கைகளுக்கு மாற்றி மூலத்தை மறைப்பது, நேர்மையான வருமானம் போலத் திரும்பப் பெறுவது. போதைப்பொருள் விற்ற ரொக்கத்துக்கு முதற்கட்டமே கடினமானது. கட்டுக் கட்டான நோட்டுகளை வங்கிக்குள் கொண்டுவர வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை வங்கிகள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அதற்காக வந்ததுதான். இணையக் குற்றத்திலோ பணம் முதலிலேயே வங்கிக்குள் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே தம் கையால் அனுப்புகிறார். ஆகவே நுழைப்பதற்குச் சிரமமே இல்லை. எஞ்சியிருப்பது மறைப்பதும் வெளியே எடுப்பதும்.

மறைப்பதற்கு வேண்டியது வேகம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் வெளியூர்க் காசோலை ஒன்று வசூலாகி வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் யாராவது சந்தேகப்பட்டு ஒரு தந்தி அடித்தால்கூடப் பணத்தை நிறுத்திவிடலாம். 2010-இல், வங்கிக்கு வங்கி நொடியில் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் வந்தது. 2016-இல் யூபிஐ வந்தது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட், 2020 டிசம்பரிலிருந்து பெருந்தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் என்று வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் மற்ற இரண்டு முறைகளும் ஆண்டு முழுவதும் இரவு பகலாக இயங்குகின்றன. இவை நாட்டுக்குக் கிடைத்த பெரிய வசதிகள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பந்தலூரில் இருக்கும் ஒரு தாய், சென்னையில் படிக்கும் மகளுக்கு நள்ளிரவில் பணம் அனுப்ப முடிகிறது. ஆனால் அதே பாதையில் அதே வேகத்தில் திருட்டுப் பணமும் போகிறது. சனிக்கிழமை மாலையில் பாதிக்கப்பட்டவர் தம் வங்கி மேலாளரைத் தேடிக்கொண்டிருப்பார், பணத்துக்கோ விடுமுறை கிடையாது.

அந்தப் பையனின் கணக்கில் நடந்ததைக் காவல்துறையினர் ‘முதல் லேயர்’, அதாவது முதல் அடுக்கு, என்பார்கள். அவனிடமிருந்து ஐந்து கணக்குகள். அவை ஒவ்வொன்றிலிருந்தும் வேறு ஐந்து என்றால் இரண்டாம் முறை பிரிக்கும்போது 25. மூன்றாம் முறை பிரிக்கும்போது 125 கணக்குகள். அவன் கணக்கிலிருந்து வெளியேறிய 4,79,000 ரூபாய் அங்கே சராசரியாக 3,832 ரூபாய் என்ற அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. அந்த அளவில் அது மளிகைக் கடன் போலவும் வாடகை பாக்கி போலவும் தோன்றும். கணக்குக்கு உரியவரின் சொந்தப் பணத்தோடும் கலந்துவிடும். உண்மையில் எல்லாக் கும்பலும் இவ்வளவு சீராகப் பிரிப்பதில்லை. சில நேரம் பெருந்தொகை ஒரு போலி நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் விழுந்து, அங்கிருந்து ஒரே அடியில் வெளியேறிவிடும். சேமிப்புக் கணக்கைவிட நடப்புக் கணக்குக்கு இந்தச் சந்தையில் விலை அதிகமாக இருப்பது அதனால்தான். நாளொன்றுக்குப் பல லட்சம் வந்து போனாலும் வியாபாரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சந்தை என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். கணக்குகளை வாடகைக்கு எடுத்துத் தருபவர்கள், அவற்றைத் தொகுத்து டெலிகிராம் குழுக்களில் விற்பவர்கள், வாங்கி இயக்குபவர்கள் என்று வேலை பிரிந்திருக்கிறது. வங்கி மொழியில் இவற்றுக்கு ‘மியூல் கணக்கு’ என்று பெயர். பொதி சுமக்கும் கோவேறு கழுதையிலிருந்து வந்த சொல். கணக்கை இயக்குபவர் கம்போடியாவிலோ மியான்மரிலோ உட்கார்ந்திருக்கலாம். ஓடிபி வரும் சிம் இந்தியாவில் ஏதோ ஓர் அறையில் ஒரு கைபேசியில் செருகப்பட்டிருக்கும். வரும் குறுஞ்செய்தியை அப்படியே வெளிநாட்டுக்குத் தள்ளிவிடும் செயலி ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய கணக்குகளை நூற்றுக்கணக்கில் கோத்து, இணையத்தில் பணம் செலுத்த உதவும் அசல் பேமென்ட் கேட்வே போலவே இயங்கும் கள்ள வழிகளை அமைத்திருந்ததை 2024 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. பீஸ்பே, ஆர்டிஎக்ஸ் பே, போக்கோபே, ஆர்பிபே என்ற பெயர்களையும் வெளியிட்டது.

இதில் மலைப்பகுதி இளைஞர்களும் சிக்குவதற்குக் காரணம் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இலை விலை விழும் மாதங்களில் பறிகூலிக்கும் உரத்துக்கும் போக வீட்டில் மிஞ்சுவது என்ன என்று அந்தப் பாஸ்புக்கின் முதல் நான்கு பக்கங்களே சொல்லும். சீசன் முடிந்தால் விடுதி வேலையும் டாக்ஸி ஓட்டமும் குறைந்துவிடும். அந்த நேரத்தில், ‘சும்மா கிடக்கிற அக்கவுண்ட்தானே’ என்று ஒருவர் 5,000 ரூபாயைக் காட்டும்போது, கணக்கு என்பது தன் கையெழுத்துக்குச் சமம் என்று யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கணக்குத் தொடங்கும் நாளில் நாங்கள் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினோமே ஒழிய, இதைச் சொன்னோமா என்று நினைத்துப் பார்த்தால், சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலால் 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறையில் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. யூபிஐயில் அது முன்பிருந்தே உண்டு. எண்ணைத் தவறாக அடித்துப் பணம் போய்விடும் குறையை இது தீர்க்கும். வாடகைக் கணக்கை இது தடுக்காது. ஏனெனில் அங்கே தெரிவது ஓர் உண்மையான மனிதரின் உண்மையான பெயர்.

இனி வெளியே எடுக்கும் வழிகள். பழைய வழி, கடைசி லேயரில் இருக்கும் கார்டுகளை ஒருவரிடம் கொடுத்து ஊர் ஊராக ஏடிஎம்களில் எடுக்க வைப்பது. அதில் எடுப்பவரின் முகம் கேமராவில் பதிகிறது. இப்போது பெரிதும் பயன்படுவது டெதர் எனப்படும் யூஎஸ்டிடி. டாலர் மதிப்போடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயம். வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறையில், கும்பலின் ஆள் ஒரு விற்பனையாளரிடம் யூஎஸ்டிடி கேட்பான். விற்பவரின் வங்கிக் கணக்குக்குத் திருட்டுப் பணம் வரும், அவருடைய நாணயம் வெளிநாட்டிலுள்ள வாலட்டுக்கு, அதாவது கிரிப்டோவை வைக்கும் மின்பணப்பைக்கு, போய்விடும். நாணயத்தை விற்றவர் தம் பொருளுக்கு உரிய விலையைத்தான் பெற்றதாக நினைத்துக்கொண்டிருப்பார். கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்களை 2023 மார்ச்சில் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிரிப்டோ என்றால் கண்ணுக்கே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பேரேடு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது அழியாது. தெரியாமல் இருப்பது முகவரிக்குப் பின்னாலுள்ள ஆள் மட்டுமே.

சட்டவிரோதச் சூதாட்டத் தளங்கள் மற்றொரு வழி. அங்கே பந்தயம் கட்டுபவர்கள் அனுப்பும் பணம் வாடகைக் கணக்குகளில் சேர்கிறது. வென்றவருக்குத் தரப்படும் பணமோ வேறெங்கோ ஒருவரிடம் ஏமாற்றி வாங்கியதாக இருக்கலாம். வென்றவர் கைக்குக் கறை வந்துவிடுகிறது, தளத்தை நடத்துபவர் கைக்குத் தோற்றவர்களின் நல்ல பணம் போய்விடுகிறது. அழுக்குத் துணியைக் கொடுத்துவிட்டு வெளுத்த துணியை எடுத்துக்கொள்வது இதுதான்.

கோடிக்கணக்கில் நடந்த பெருங்கொள்ளைகளிலும் கணக்குகளின் வேலை இதே மாதிரிதான். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அந்நாட்டுக்கு இருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்குச் சற்று மேலான தொகையை அனுப்பும்படி நாடுகளுக்கிடையே வங்கிகள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகக் கட்டளைகள் பிறப்பித்தார்கள். பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் எழுத்துப் பிழையோடு இருந்ததால் வழியிலிருந்த வங்கி ஒன்று ஐயுற்றுக் கேட்டதில் மீண்டது. மணிலாவுக்குப் போன 8.1 கோடி டாலர் அங்கே ஒரு வங்கிக் கிளையின் சில கணக்குகளில் விழுந்து, சூதாட்ட விடுதிகளுக்குள் சென்று கரைந்தது. என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கணக்குகளின் வயது. போலிப் பெயர்களில் ஆளுக்கு 500 டாலர் கட்டி 2015 மே மாதத்திலேயே தொடங்கி, ஒன்பது மாதம் அசைவில்லாமல் போட்டு வைத்திருந்தார்கள். பணத்தைத் திருடும் முன்பே அதை வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டார்கள். அப்போது பிலிப்பைன்ஸில் சூதாட்ட விடுதிகள் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரவில்லை, 2017-இல்தான் சேர்க்கப்பட்டன.

நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் வழியில் மூன்று கள்ளக் கட்டளைகள் போயின. மொத்தம் 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒன்று நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது. மற்றவை துருக்கிக்கும் சீனாவுக்கும் சென்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து ஏறத்தாழ 94 கோடி ரூபாய் போயிற்று. அதில் பெரும்பகுதி போலிக் கார்டுகளால் 28 நாடுகளின் ஏடிஎம்களில் சில மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டது. அந்த வழக்கில் 2023-இல் தண்டனை பெற்ற 11 பேரும் இந்தியாவில் ஏடிஎம்களில் பணம் எடுத்ததோடு தொடர்புடையவர்கள். வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள் அந்தக் கூண்டில் இல்லை. கைக்கு எட்டுபவர் எப்போதும் சுமந்தவர்தான்.

துரத்தும் பக்கம் எப்படி இயங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏமாந்தவர் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழைத்துத் தம் கணக்கு எண்ணையும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி தரும் தனி அடையாளமான யூடிஆர் எண்ணையும் சொன்னால், பெற்ற வங்கிக்கு உடனே தகவல் போகும். அந்த வங்கி, கணக்கில் பணம் மிஞ்சியிருந்தால் அதை நிறுத்தி வைக்கும். போயிருந்தால் எந்த வங்கிக்கு, எந்த எண்ணில் போனது என்று பதிவு செய்யும். அடுத்த வங்கி அதே வேலையைத் தொடரும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணம் இரண்டாம் லேயரிலோ மூன்றாம் லேயரிலோ அகப்பட வாய்ப்புண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் அழுதுவிட்டு வருபவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. கணக்கின் நடத்தையை வைத்தே மியூல் கணக்கைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய மியூல்ஹண்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நாலைந்தாயிரம் ரூபாயே புழங்கிய கணக்கில் திடீரென்று 4,80,000 வந்து நிமிடங்களில் வெளியேறுவதை ஓர் அனுபவமுள்ள எழுத்தர் கண்டால் நிறுத்தியிருப்பார். கண்டிருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஆள் இல்லை என்பதால் இயந்திரம்தான் காண வேண்டும்.

இந்தத் துரத்தலில் குற்றமற்றவர்களும் அடிபடுகிறார்கள். உதகையில் சேரிங்கிராஸ் பக்கம் வர்க்கியும் வீட்டுச் சாக்லேட்டும் விற்கும் ஒரு கடையில், சுற்றுலா வந்த ஒருவர் கியூஆர் ஸ்கேன் செய்து 240 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் நான்காம் லேயர்ப் பணம் இருந்திருந்தால், அந்த 240 ரூபாயைப் பின்தொடர்ந்து வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து வரும் கடிதம் கடைக்காரரின் கணக்கையே முடக்கலாம். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் கணக்கு முடங்கினால் அந்த ஆண்டின் வியாபாரமே போயிற்று. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக் கணக்கை இயங்க விட வேண்டும் என்ற திசையில் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது; ஆனால் அதை எடுத்துச் சொல்லி நிவாரணம் பெற ஒரு வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது. 240 ரூபாய்க்காக ஒரு கணக்கை முழுவதுமாக மூடுவது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன்.

கணக்கை வாடகைக்கு விட்டவரின் நிலை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு, ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் பாய்ந்தால் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு. தெரிந்து உதவினானா, தெரியாமல் கொடுத்தானா என்பது விசாரணையில் தீர வேண்டியது. ஆனால் கணக்கு அவன் பெயரில் இருப்பதால் முதல் கேள்வி அவனிடம்தான் வரும்.

அந்த விவசாயி கொண்டுவந்த கடிதம் அப்படி வந்ததுதான். வட மாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையத்திலிருந்து, முழுக்க இந்தியில். வீட்டில் யாராலும் படிக்க முடியாமல் ஒன்பது நாள் அலமாரியில் இருந்திருக்கிறது. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்த நாள் கடந்து போயிருந்தது. “எவ்வளவு கட்டினா முடியும் சார்?” என்று கேட்டார். கட்டி முடிக்கும் விஷயமில்லை இது என்று சொல்லி, வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பும் முன் விவரங்களைத் தாளில் எழுத உட்கார்ந்தோம். சிம்மை வாங்கியவரின் எண், அவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, கார்டு கொடுத்த தேதி. இலைப் பணம் இனித் தாயாரின் கணக்குக்கு வரும்படி தொழிற்சாலைக்கு ஒரு விண்ணப்பம். கடைசியாக, கணக்கறிக்கையைப் பார்த்து ஐந்து பற்றுகளின் எண்களையும் ஒவ்வொன்றாகப் பையன் வாசிக்க நான் எழுதினேன். ஐந்தும் ஐந்து வெவ்வேறு வங்கிகளுக்குப் போயிருந்தன. அந்தக் கணக்கெல்லாம் யாருடையதாக இருக்கும் என்று தகப்பனார் கேட்டார். உங்கள் மகனைப் போல இன்னும் ஐந்து பேருடையதாக இருக்கும் என்றேன். அவர் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் நகல் ஒன்று தமக்கும் வேண்டும் என்றார்.